பழைய காருக்கு ஏர் ஃபில்டர் தேர்வும் கார்பரேட்டர் டியூனிங்கும்: சென்னை ஓட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

பத்மினியோ அம்பாசிடரோ ஹெரால்டோ, வண்டி இழுக்கவில்லை என்றால் நம்மூரில் எல்லோருடைய கையும் முதலில் கார்பரேட்டர் ஸ்க்ரூவுக்குத்தான் போகிறது. ஆனால் பெட்ரோலை அளந்து கொடுப்பது மட்டும் கார்பரேட்டரின் வேலை இல்லை. தன் வாய் வழியாக எவ்வளவு காற்று போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலை அது இழுத்துவிடுகிறது. காற்றின் பாதையை மாற்றினால் கலவையும் மாறும். அதனால் முதலில் ஏர் ஃபில்டரை முடிவு செய்ய வேண்டும். அதை மாட்டிய நிலையிலேயே கார்பரேட்டரை டியூன் செய்ய வேண்டும். டியூனிங் முடிந்த பிறகு ஃபில்டரை மாற்றினால் செய்த வேலை பாதி வீண்.

சென்னைக்கு ஏற்ற ஃபில்டர் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: கம்பெனி கொடுத்த டப்பா, அதற்குள் நல்ல தரமான காகித ஃபில்டர். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு நேர்மாறான ஆலோசனைதான் அதிகம் கிடைக்கும்.

எந்த ஃபில்டர்?

சந்தையில் நான்கு வகை இருக்கின்றன. பழைய ஜீப்களில் வரும் எண்ணெய்த் தொட்டி வகை ஒன்று. காற்று எண்ணெய்க்கு மேல் வேகமாகத் திரும்பும்போது கனமான தூசி எண்ணெயில் விழுந்துவிடும். தூசியைத் தாங்குவதில் கெட்டி. ஆனால் இன்ஜின் மெதுவாக ஓடும்போது காற்றுக்கு வேகம் இல்லை, அதனால் நுண்ணிய தூசி தப்பிவிடும். நாள் முழுக்க கிண்டியிலும் அண்ணா சாலையிலும் ஊர்கிற வண்டிக்கு இது ஒத்து வராது. உங்கள் கார் அந்த வகையோடுதான் வந்தது என்றால் அசல் தன்மைக்காக வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெயை மட்டும் குறித்த கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். ஊற்றினால் இன்ஜின் அதையும் உறிஞ்சிவிடும்.

ஃபோம் வகை கழுவிப் பயன்படுத்தலாம், விலையும் குறைவு. பானெட்டுக்குள் இருக்கும் வெப்பத்தில் சில வருடங்களில் அது பொடிந்து உதிரும். உதிர்ந்த துணுக்கு நேராக கார்பரேட்டருக்குள் போகும். அடிக்கடி விரலால் அழுத்திப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

எண்ணெய் தடவிய பருத்தித் துணி வகைதான் இளைஞர்களை அதிகம் இழுக்கிறது. காற்று தாராளமாகப் போகும், உண்மைதான். தாராளமாகப் போகும் துணியில் நுண்தூசியும் காகிதத்தை விட அதிகமாகவே போகும். மெட்ரோ தோண்டிய சாலைகளின் சிமென்ட் தூசி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும் மணல், இவற்றில் எல்லாம் சிலிக்கா உண்டு. பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்ப்பது அதுதான். ரேஸ் இன்ஜினை ஒவ்வொரு சீசனுக்கும் பிரிப்பார்கள், அதற்குப் பரவாயில்லை. இனி சிலிண்டரைக் கடைந்து போரிங் போட ஓவர்சைஸ் பிஸ்டனே தேடி அலைய வேண்டிய ஹெரால்டுக்கு அது தேவையா?

காற்று போதாமல் போகுமோ என்ற பயத்துக்குக் கணக்கே பதில் சொல்லும். பத்மினியின் இன்ஜின் 1,089 சிசி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவை நிரப்பும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில், 80 சதவீதம் நிரம்புவதாக வைத்தால், அது இழுப்பது நிமிடத்துக்குச் சுமார் 2,200 லிட்டர். 1,489 சிசி அம்பாசிடர் 4,000 சுற்றில் சுமார் 2,400 லிட்டர். இனி காகிதத்தின் பரப்பைப் பாருங்கள். 100 மடிப்பு, ஒவ்வொன்றும் 2 சென்டிமீட்டர் ஆழம், 5 சென்டிமீட்டர் உயரம் என்றால், மடிப்புக்கு இரண்டு பக்கம் சேர்த்து 2,000 சதுர சென்டிமீட்டர். பத்மினி முழு வேகத்தில் ஓடும்போதுகூட ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே நொடிக்கு 18 கன சென்டிமீட்டர் காற்றுதான் போகிறது. சுத்தமான காகிதத்துக்கு அது ஒரு சுமையே இல்லை.

இன்னொரு விஷயம் வெப்பம். டப்பாவைக் கழற்றிவிட்டுத் திறந்த ஃபில்டரைப் போட்டால் அது பானெட்டுக்குள் இருக்கும் காற்றை இழுக்கும். வெளியே 35 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறையும். சக்தியும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். சத்தம் கூடுவதால் வேகம் கூடியதுபோல் தோன்றும், அவ்வளவுதான். டப்பாவின் மூக்கு எங்கிருந்து காற்றை இழுக்கிறது என்றும் பாருங்கள். சில கார்களில் கோடை, குளிர் என்று இரண்டு நிலை உண்டு. குளிர் நிலையில் அது எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடான காற்றை எடுக்கும். சென்னையில் மார்கழியிலும் கோடை நிலைதான்.

வாங்கும்போது, மாட்டும்போது

பத்மினி, அம்பாசிடர் ஃபில்டர்களை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடிப் பாருங்கள். அபூர்வமான கார் என்றால் பழைய ஃபில்டரையும் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். வெளி விட்டம், உள் விட்டம், உயரம் மூன்றையும் வெர்னியரில் அளந்து, பொருந்தும் வேறு கார் ஃபில்டரை எடுக்கலாம். உயரம் 1 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் மூடி அழுத்தி உட்காரும். குறைந்தால் மட்டும் வாங்காதீர்கள், அந்த இடைவெளியில் தூசி சுற்றிப் போய்விடும். மடிப்புகள் சீராக இருக்க வேண்டும், விளிம்பு ரப்பர் விரலுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எங்கும் ஊசித்துளை தெரியக் கூடாது.

மாட்டிய பிறகு ஒரு சோதனை. டப்பாவின் உள்பக்கம், அதாவது ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்தில், மெல்லிசாக கிரீஸ் தடவி 100 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு அந்த கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் எங்கோ ஓட்டை. விளிம்பு ரப்பர், டப்பாவின் நெளிவு, கார்பரேட்டர் வாயில் இருக்கும் பேக்கிங், இந்த மூன்றில் ஒன்று.

காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஏர் அடிப்பதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே, 2 பாருக்குக் குறைவான அழுத்தத்தில், சற்றுத் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை நேராகக் கிட்ட வைத்து அடித்தால் காகிதம் கிழிந்துவிடும், கண்ணுக்கே தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டியிருந்தால் டப்பாவைத் திறந்து பாருங்கள். நனைந்து உப்பிய காகிதம் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, மாற்றிவிடுங்கள்.

எஸ்.யு. கார்பரேட்டர் உள்ளவர்கள், மோரிஸ் மைனர், எம்.ஜி. வைத்திருப்பவர்கள், இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஃபில்டர் உட்காரும் முகப்பில் போல்ட் துளைகளைத் தவிரச் சின்னத் துளைகள் உண்டு. கார்பரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் அடிப்பக்கத்துக்குக் காற்று போகும் வழி அது. வெளியில் வாங்கிய ஃபில்டரின் தட்டோ, தலைகீழாக மாட்டிய பேக்கிங்கோ அதை அடைத்தால் பிஸ்டன் ஒழுங்காக எழாது. அப்புறம் ஊசி, ஜெட் என்று எதை மாற்றினாலும் வண்டி தேறாது.

இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு வருகிறதென்றால் அதை அப்படியே விடுங்கள். ஃபில்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு: இன்ஜின் கார்பரேட்டர் வழியே திருப்பி வெடித்தால் தீ வெளியே வராமல் தடுப்பது. ஃபில்டர் இல்லாமல் ரோட்டில் ஓட்டவே கூடாது.

கார்பரேட்டரைத் தொடும் முன்

கார்பரேட்டர் கோளாறு என்று சொல்லப்படுவதில் நிறைய, டெல்கோவிலும் (பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர்) டேப்பட்டிலும் (வால்வு இடைவெளி) இருக்கும் கோளாறுதான். வரிசையை மாற்றாதீர்கள்: டேப்பட், பிளக், பாயிண்ட் (டெல்கோவுக்குள் திறந்து மூடும் தொடுமுனை), டைமிங் (பொறி விழும் நேரம்), அதற்குப் பிறகே கார்பரேட்டர். அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜினுக்கு டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம், பாயிண்ட் 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் 0.025 அங்குலம். மற்ற கார்களுக்கு அந்தந்தக் கையேட்டில் உள்ள அளவு. டைமிங் லைட் வைத்துப் பார்க்கும்போது குறி ஆடிக்கொண்டே இருந்தால் டெல்கோ ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் ஸ்லோ ஸ்பீடு (ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை விட்டபின் இன்ஜின் ஓடும் வேகம்) நிற்காது.

அடுத்து, கள்ளக் காற்று. கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் (கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டு போகும் குழாய்) நடுவில் உள்ள பேக்கிங், த்ராட்டில் ஷாஃப்ட் (ஆக்சிலரேட்டர் திருப்பும் தண்டு), பிரேக் பூஸ்டர் குழாய், இந்த இடங்களில் காற்று இழுத்தால் டியூனிங் பிடிபடாது. ஷாஃப்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் புஷ் போட லேத்துக்குப் போக வேண்டும். இன்ஜின் ஓடும்போது சந்தேகமான இடங்களில் தெளிப்பானால் தண்ணீர் தெளித்து, சத்தம் மாறுகிறதா என்று கேட்கலாம். டெல்கோ பக்கமும் பிளக் ஒயர் பக்கமும் தெளிக்காதீர்கள். சிலர் கார்பரேட்டர் கிளீனரை அடிப்பார்கள், சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அது தீ வைப்பதற்குச் சமம். எப்படியும் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வாக்வம் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். அந்த அளவு கடல் மட்டத்துக்கானது, சென்னையில் அப்படியே பொருந்தும். முள் ஒரே சீராகத் துடித்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை.

சோலெக்ஸ்: படிப்படியாக

சோலெக்ஸ் என்ற கார்பரேட்டர் வகை நம்மூருக்குப் புதிதல்ல. மெட்ராஸில் கார்பரேட்டர்ஸ் லிமிடெட் இந்த வகையைத் தயாரித்தது. அமைப்பு எளிது, பொறுமையாகச் செய்தால் வீட்டு வாசலிலேயே முடிக்கலாம்.

முதலில் சுத்தம். மூடியைத் திறந்து மெயின் ஜெட் (ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடுவது), பைலட் ஜெட் (ஐடிலுக்கு விடுவது), ஏர் கரெக்‌ஷன் ஜெட் மூன்றையும் கழற்றி, எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஜெட்டின் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு: 120 என்றால் 1.20 மில்லிமீட்டர் துளை. செம்புக் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தினால் அந்த அளவு போய்விடும். கிளீனரில் ஊறவைத்து ஏர் அடித்தால் போதும். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் தொட்டியின் அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் உலோகம் ஈரத்தில் அரித்திருக்கிறது என்று பொருள். அந்தப் பொடிதான் பைலட் ஜெட்டை அடைக்கும். அதை முழுக்க எடுக்காமல் மூடாதீர்கள்.

அந்தத் தொட்டியில் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை. நீடில் வால்வைப் புதிதாகப் போடுவதே நல்லது. அதன் அடியில் இருக்கும் வாஷரின் தடிமன்தான் பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிக்கிறது, அதனால் பழைய வாஷரின் தடிமனுக்கே புதியது போட வேண்டும். வாஷர் மெலிந்தால் பெட்ரோல் ஓவர் ஆகும்.

கார்பரேட்டரை மேனிஃபோல்டில் உட்காரவைக்கும்போது நடுவில் இருக்கும் பேக்கலைட் பேக்கிங்கைத் தூக்கி எறியாதீர்கள். மேனிஃபோல்டின் வெப்பத்தைத் தடுப்பது அதுதான். நட்டை அளவோடு முறுக்குங்கள். பலமாக முறுக்கினால் அடிப்பகுதி வளைந்து, தடுக்க நினைத்த கள்ளக் காற்றுக்கு வழி பிறக்கும்.

இனி டியூனிங். ஏர் ஃபில்டர் மாட்டியிருக்க வேண்டும். சோக் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். சும்மா நிற்க வைத்துச் சூடேற்றினால் போதாது, 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

இன்ஜினை நிறுத்தி, ஐடில் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகுங்கள். முட்டியதும் நிறுத்துங்கள், அழுத்தினால் ஊசி முனையில் வளையம் விழும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. ஸ்டார்ட் செய்து ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவில் 900 சுற்றுக்குக் கொண்டு வாருங்கள். இப்போது மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடி காத்திருங்கள். இன்ஜின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடம், வாக்வம் கேஜ் அதிகபட்சம் காட்டும் இடம், அதுதான் உங்கள் இடம். வேகம் ஏறியிருக்கும். ஸ்லோ ஸ்க்ரூவில் 800க்கு இறக்கி, மறுபடி மிக்சரைத் தொட்டுப் பாருங்கள். இப்படி இரண்டு மூன்று முறை போனால் அதற்கு மேல் நகராது.

சோலெக்ஸில் இந்த ஸ்க்ரூ பெட்ரோல் கலந்த கலவையை அளக்கிறது, அதனால் வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். பைக் கார்பரேட்டர்கள் பலவற்றில் அது வெறும் காற்றுக்கான ஸ்க்ரூ, வெளியே எடுத்தால் பெட்ரோல் குறையும். பைக்கில் பழகிய கை இங்கே குழம்பும்.

மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பியும் எந்த மாற்றமும் இல்லையா? பைலட் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது த்ராட்டில் தட்டு அதிகம் திறந்திருப்பதால் வண்டி மெயின் ஜெட்டில் ஓடுகிறது. ஸ்க்ரூவோடு போராடாமல் திரும்பப் போய் இவற்றைப் பாருங்கள்.

எஸ்.யு. என்றால்

டேம்பரை (பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் எண்ணெய்த் தண்டு) கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்'கென்று அடியில் போய் உட்கார வேண்டும். இல்லையென்றால் ஜெட் நடுவில் இல்லை. ஜெட்டை மேல் வரை ஏற்றி, நட்டை இரண்டு சுற்று, அதாவது 12 முகம் கீழே இறக்கித் தொடங்குங்கள். நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், இறக்கினால் கூடும். இன்ஜின் சூடான பிறகு பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே விழுந்து அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. டேம்பரில் எண்ணெய் இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள், எண்ணெய் வற்றினால் பிக்கப்பில் மூச்சுத் திணறும்.

எத்தனால்தான் இன்றைய பிரச்சினை

இந்தக் கார்கள் எல்லாம் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குச் செய்தவை. சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். இன்று பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலவைக்குச் சுமார் 13.5 கிலோ போதும். அதாவது பழைய ஜெட்டில், தேவையை விட 7, 8 சதவீதம் பெட்ரோல் குறைவான கலவையில் வண்டி ஓடுகிறது. அறிகுறிகள் தெரிந்தவைதான்: ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் ஒரு தயக்கம், கார்பரேட்டர் வழியே 'பட் பட்' என்று திருப்பி அடிப்பது, ஏற்றத்தில் சூடேறுவது. மெக்கானிக் மிக்சர் ஸ்க்ரூவை வெளியே எடுப்பார், ஐடில் சரியாகும், ஓட்டத்தில் குறை அப்படியே இருக்கும். மிக்சர் ஸ்க்ரூவின் ஆட்சி ஐடிலோடு முடிந்துவிடுகிறது.

மெயின் ஜெட்டை மாற்றுவதுதான் வழி. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 120ஐ 125 ஆக்கினால் பரப்பு சுமார் 8.5 சதவீதம் கூடும், ஏறக்குறைய நமக்கு வேண்டிய அளவு. ஒரு படி ஏற்றிச் சோதியுங்கள், நேராக 130க்குத் தாவாதீர்கள்.

சோதிக்க, ஞாயிறு விடியற்காலையில் உத்தண்டி தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல இடம். நான்காவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சில நிமிடம் சீராக ஓட்டி, ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஐடிலில் விட்டால் பிளக்கின் நிறம் மாறிவிடும். சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இந்தக் காலத்துப் பெட்ரோலில் பழைய காபி நிறத்தை எதிர்பார்க்காதீர்கள், வெளிர் சாம்பலும் லேசான பழுப்பும் சரிதான். சுண்ணாம்பு வெள்ளை, பொரிந்த முனை என்றால் பெட்ரோல் குறைவு. கரி படிந்தால் அதிகம்.

ஐடிலுக்கு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று கொடுக்கும் பங்க்கிலேயே அளவுக் கருவி இருக்கிறது. 2000க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். கூட்டம் இல்லாத நேரத்தில் போய், கட்டணம் கொடுத்து, குழாயை எக்ஸாஸ்டில் விட்டபடியே மிக்சரைத் திருப்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். 2 முதல் 2.5 சதவீதத்தில் நிறுத்தினால் ஐடிலும் நிற்கும், சான்றும் கிடைக்கும்.

எத்தனால் பழைய ரப்பரையும் கெடுக்கும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், நீடில் முனை எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் பொருளுக்கு மாற்றுங்கள். ஈரத்தையும் அது இழுக்கும், கடலோர ஊரில் சொல்லவே வேண்டாம். காரைச் சில வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் வழியை அடைத்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, கார்பரேட்டர் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள்.

கத்திரி வெயிலும் மலைப்பயணமும்

வெயிலில் வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. கார்பரேட்டர் தொட்டியில் இருந்த பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டில் வழிந்திருக்கும். ஆக்சிலரேட்டரைப் பம்ப் செய்யாமல் முழுக்க மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள், உள்ளே இருப்பது வெளியேறிப் பிடித்துவிடும். அடிக்கடி நடந்தால் கார்பரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் அலுமினியத் தகடு ஒன்று வையுங்கள். பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்று மெலிவதால் சென்னையில் சரியாக இருந்த கலவை ஏறத்தாழ பத்து சதவீதம் பெட்ரோல் அதிகமாகிவிடும். இரண்டு நாள் பயணத்துக்கு ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை, ஐடில் தடுமாறினால் மிக்சரைக் கால் சுற்று உள்ளே திருகினால் போதும். எவ்வளவு திருகினீர்கள் என்பதை எழுதிவைத்து, மேட்டுப்பாளையம் இறங்கியதும் பழையபடி வைத்துவிடுங்கள். மலையில் மெலிய வைத்த கலவையோடு கீழே வந்தால் ஐடில் தடுமாறும்.

எல்லாம் முடிந்ததும் ஸ்க்ரூ தலைகளில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். ஜெட் எண்கள், மிக்சர் எத்தனை சுற்று, ஃபில்டர் மாற்றிய தேதி எல்லாவற்றையும் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். அடுத்த மெக்கானிக்கிடம் முதலில் அந்தச் சீட்டைக் கொடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, இன்ஜின் ஆறியிருக்கும்போது கார்பரேட்டர் நட்டுகளை ஒருமுறை பார்த்து, தளர்ந்திருந்தால் மட்டும் இறுக்குங்கள். புது பேக்கிங் அமுங்கியிருக்கும்.